பயந்த பூனையைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்: எந்த வழியில் நெருங்குவது?

பொங்கல், தீபாவளி, மே மாத விடுமுறை. இந்த மூன்று சமயத்திலும் வீடு வீடாகப் போய்ப் பூனை பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சென்னையில் ஓய்வு கிடையாது. அப்போது வரும் அழைப்புகளில் ஒரு வகை எப்போதும் இருக்கும். "அக்கா, ஒரு வாரம் ஊருக்குப் போறோம். ஆனா இவ ரொம்ப பயந்தாங்கொள்ளி. ஆள் வந்தா கட்டிலுக்கு அடியில போனா போனதுதான். நீங்க சாப்பாடு வச்சிட்டு, மண்ணை அள்ளிட்டு வந்துடுங்க, போதும்."

சில வீடுகளில் அது போதும். சில வீடுகளில் போதாது. ஒரு வாரமும் ஒருவரும் பூனையைக் கண்ணால் பார்க்காமலே கழிந்து, அது சாப்பிட்டதா, மூத்திரம் போனதா என்றே தெரியாமல் போய்விடும். இன்னும் சிலர் இதற்கு நேரெதிராக, இந்த ஒரு வாரத்துக்குள் அதை மடியில் உட்கார வைத்துக் காட்டுகிறேன் என்று இறங்குவார்கள். இந்த இரண்டு கோடிக்கும் நடுவே வழிகள் உண்டு. ஒரே அறையில் சும்மா உட்கார்ந்திருக்கலாம், தீனியை வைத்து நெருங்கலாம், நுனியில் இறகு கட்டிய விளையாட்டுக் குச்சியை எடுக்கலாம். எந்த வீட்டில் எதைச் செய்வது என்பது பூனை எதற்குப் பயப்படுகிறது, நமக்கு எத்தனை நாள் கையில் இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. என் கணக்கில் மூன்று நாள் வேலை என்றால் கண்ணில் படாமல் போய் வருவதே நல்லது. ஒரு வாரம், பத்து நாள் என்றால் கூடவே உட்கார்ந்திருப்பது. தீனி துணைக்கு. தொடுவது எந்தக் கணக்கிலும் இலக்கே இல்லை.

முதலில் பயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் 'பயந்த சுபாவம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். தெருவில் பிறந்து மூன்று மாதம் கழித்து வீட்டுக்குள் வந்த பூனையின் பயம் வேறு. பூனைக்குட்டிகள் மனிதர்களோடு பழகக் கற்றுக்கொள்ளும் பருவம் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை என்று 1980-களில் அமெரிக்காவில் ஐலீன் கார்ஷ் செய்த ஆய்வுகள் காட்டின. அந்த வாரங்களில் மனிதக் கை படாமல் வளர்ந்தது பிறகு ஒருவரோடு, மிஞ்சினால் இரண்டு பேரோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது ஆள் அதற்கு அந்நியன்தான், ஆயுசுக்கும். இதில் தகப்பன் பூனைக்கும் பங்கு உண்டு. தைரியமான கடுவனின் குட்டிகள், தகப்பனைப் பார்த்தே இராவிட்டாலும், புதியவர்களிடம் தைரியமாக வருகின்றன என்பதை 1995-இல் சாண்ட்ரா மெக்யூன் என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். ஆகவே வீட்டுக்காரர் சரியாக வளர்க்கவில்லை என்றோ, யாரோ அடித்திருக்க வேண்டும் என்றோ நாமாக முடிவு கட்டத் தேவையில்லை.

இரண்டாவது வகை, சத்தத்துக்குப் பயப்படுவது. காலிங் பெல், குக்கர் விசில், மேல்வீட்டு டிரில்லிங், வெடி. இந்தப் பூனைகள் ஆளைக் கண்டு ஓடுவது போலத் தோன்றும். உண்மையில் நம்மோடு சேர்ந்து உள்ளே வரும் சத்தத்தைக் கண்டுதான் ஓடுகின்றன. சாவியால் மெதுவாகத் திறந்து, செருப்பை வெளியிலேயே விட்டு, கதவை அடிக்காமல் சாத்தினாலே இரண்டாம் நாள் இவற்றில் பல ஹாலுக்கு வந்து எட்டிப் பார்க்கும். மூன்றாவது வகை, நேற்றுவரை எல்லோரிடமும் வந்துகொண்டிருந்து திடீரென்று ஒளிய ஆரம்பித்த பூனை. இதை நான் பயம் என்ற கணக்கிலேயே எடுப்பதில்லை. பல்வலி, மூத்திர அடைப்பு என்று ஏதோ ஒன்று இருக்கலாம். ஊருக்குக் கிளம்பும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிடுவது உத்தமம்.

பிடித்து இழுத்துப் பழக்கும் வழியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. "ரெண்டு தடவை தூக்கினா பழகிடும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தூக்கினால் அது அசையாமல் இருக்கும்தான். உடம்பு விறைத்து, கண்மணி முழுக்க விரிந்து, காது பக்கவாட்டில் தட்டையாகி, வாயை மூடிக்கொண்டு இருக்கும். அதைப் பார்த்து "பாருங்க, எவ்ளோ சமத்தா இருக்கு" என்பார்கள். அது சமத்தில்லை, தப்பிக்க வழியில்லாமல் உறைந்துபோன நிலை. அடுத்த கணம் கடித்தாலும் குற்றம் அதன் மேல் இல்லை. பூனைக்கடி ஊசியைப் போல ஆழமாக இறங்கி மேலே சீக்கிரம் மூடிக்கொள்வதால் உள்ளே சீழ் பிடிக்கும். நம் நாட்டில் கடித்தது என்றால் ரேபிஸ் தடுப்பூசிக்கும் ஓட வேண்டியிருக்கும். இவ்வளவும் எதற்கு?

கண்ணில் படாமல் போய் வருவது பலர் நினைப்பதைவிட மரியாதையான வழி. நாம் உள்ளே போகிறோம், பூனை ஒளிந்துகொள்கிறது, அது இருக்கும் அறைக்கே போகாமல் சமையலறையிலும் பால்கனியிலும் வேலையை முடிக்கிறோம், இருபது நிமிடத்தில் கதவைப் பூட்டிவிடுகிறோம். அரை மணி கழித்து அது வெளியே வந்து சாப்பிடுகிறது. வீட்டில் கேமரா இருந்தால் இதையெல்லாம் போனிலேயே பார்க்கலாம். இப்போது பூனை வளர்க்கும் பல வீடுகளில் ஒன்றாவது இருக்கிறது. கேமராவில் அது நிம்மதியாக நடமாடுவது தெரிந்தால், இரண்டு மூன்று நாள் வேலைக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. அத்தனை குறைந்த நாளில் நாம் பழகப் பார்ப்பதெல்லாம் பூனைக்கு வெறும் செலவு. பழகி முடிப்பதற்குள் நாம் போய்விடுவோம்.

இதன் குறை நமக்கு வரும் செய்தி குறைவு என்பது. தட்டு காலியாக இருந்தால் பூனை சாப்பிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் இரண்டு பூனை இருந்தால் தைரியசாலி இரண்டு பங்கையும் முடித்திருக்கும். சென்னை வெயிலில் ஈர உணவு ஒரு மணி நேரத்தில் கெட ஆரம்பிக்கும், எறும்பும் வந்துவிடும், அப்புறம் பூனை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். எனவே கண்ணில் படாத வழியில் போகிறவர் உலர் உணவை எடைபோட்டு வைக்க வேண்டும், தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்குள் வைக்க வேண்டும், பூனை மலஜலம் போகும் மணல் தட்டில், மூத்திரம் பட்டு இறுகிய கட்டிகளை எண்ண வேண்டும். நாளுக்கு இரண்டு முதல் நான்கு கட்டி இருந்தால் சரி. கடுவன் பூனை ஒரு நாள் முழுக்க மூத்திரமே போகவில்லை என்றால் அது அவசரம், காத்திருக்கக் கூடாது. முழுதாக இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பதும் அப்படியே. அதிலும் குண்டுப் பூனைகள் பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து, உயிருக்கே ஆபத்தாகும். "பசிச்சா தானா வரும்" என்பது நாய்க்கு ஓரளவு பொருந்தலாம். பயந்த பூனை பசியோடு ஒளிந்தே கிடக்கும். மூன்று நாளுக்கு மேற்பட்ட வேலைக்கு இந்த வழியை மட்டும் நம்புவதை நான் தவிர்ப்பது இதனால்தான். வாரம் முழுக்க எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, பூனையையும் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்கு, அதன் அறைக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. செய்பவர்கள் குறைவு, ஏனென்றால் கை சும்மா இருக்காது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்போம், டார்ச் அடிப்போம், பெயரைச் சொல்லிக் கொஞ்சுவோம். மூன்றுமே பூனையின் பார்வையில் வேட்டையாடுகிறவன் செய்கிற வேலை. தரையில், கட்டிலிலிருந்து தள்ளி, முகத்தையோ முதுகையோ பாதி திருப்பிக்கொண்டு, கதவுக்கும் பூனைக்கும் நடுவே உட்காராமல் உட்கார வேண்டும். கதவுக்கு நடுவே உட்கார்ந்தால் அதன் ஓடும் வழியை நாம் அடைத்துவிடுகிறோம். ஏதாவது படிக்கலாம். மெல்லிய குரலில் வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. பேச்சு ஒரே சீராக வந்துகொண்டிருக்கும்போது நாம் எங்கே இருக்கிறோம், கிட்டே வருகிறோமா என்று அது காதாலேயே கண்காணிக்கலாம். திடீரென்று பேச ஆரம்பிப்பதுதான் திடுக்கிட வைக்கும்.

நான் பார்ப்பது ஒன்றுதான்: நான் இருக்கும்போது சாப்பிடுகிறதா? ஒளிந்த இடத்திலிருந்து தலையை நீட்டியது, கொட்டாவி விட்டது, திரும்பிப் படுத்தது எல்லாம் நல்ல அறிகுறிகள். ஆனால் வேறொரு ஜீவன் அறையில் இருக்கும்போது தலையைக் குனிந்து தட்டில் வைப்பது சாதாரணமாகப் பயந்த பூனை செய்யாது. அதைச் செய்துவிட்டால் போதுமான நம்பிக்கை வந்துவிட்டது. சென்னையிலிருந்து திருநெல்வேலி போகிற ராத்திரி ரயிலில் எதிர் பெர்த்துக்காரரோடு ஒரு வார்த்தை பேசாமலே விடிகாலையில் ஒரு பழக்கம் வந்திருக்குமே, பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போகும் அளவுக்கு, அந்த அளவு கிடைத்தால் ஒரு வார வேலைக்குத் தாராளம்.

இப்படி உட்காருவதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: ஸூரிக்கில் டென்னிஸ் டர்னரும் அவரோடு இருந்தவர்களும் வீட்டுப் பூனைகளைப் பல ஆண்டுகள் கவனித்துச் சொன்னது, நெருக்கத்தை மனிதர் தொடங்கினால் அது சீக்கிரம் முடிகிறது, பூனை தொடங்கினால் நெடுநேரம் நீடிக்கிறது. பயமில்லாத பூனைக்கே இதுதான் கதை என்றால் பயந்ததைச் சொல்ல வேண்டாம். இன்னொன்று, கண்ணை மெல்ல மூடித் திறப்பது. 2020-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் செய்த சோதனையில், முன்பின் தெரியாத ஆள் அரைக்கண்ணாக மெல்ல இமைத்துக் காட்டியபோது பூனைகளும் இமைத்தன, நீட்டிய கையை நோக்கி வருவதும் கூடியது. நான் இதைச் செய்கிறேன், பலனும் இருக்கிறது. ஆனால் பீரோவுக்குப் பின்னால் இருக்கும் பூனைக்கு நம் இமை தெரியாது. அது வெளியே வந்து நம்மைப் பார்க்க ஆரம்பித்த பிறகு பயன்படும் சங்கதி இது. இதைக் காட்டுவதற்காகக் குனிந்து அதன் முகத்தைத் தேடினால் செய்த வேலை எல்லாம் வீண்.

ஒளியும் இடத்தைப் பறிக்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. அறையில் ஒளிய இடம் இருக்கக் கூடாது, அப்போதுதான் வேறு வழியில்லாமல் பழகும் என்று சிலர் கட்டிலுக்கு அடியை அட்டைப்பெட்டி வைத்து அடைப்பார்கள். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வின்படி பெட்டி கிடைத்தவை மூன்றாம், நான்காம் நாளிலேயே மற்றவற்றைவிட அமைதியாக இருந்தன. பெட்டி கிடைக்காதவை அந்த நிலைக்கு வர இரண்டு வாரம் ஆகிவிட்டது. நாம் பார்க்கும் வேலையே ஒரு வாரம்தான் என்னும்போது இந்த வித்தியாசம் பெரியது. ஒளியும் இடத்தை அடைப்பதற்குப் பதிலாக நல்லதாக மாற்றிக் கொடுக்கலாம். லாஃப்ட், வாஷிங் மெஷினுக்குப் பின்புறம், சோபாவின் அடித்துணி கிழிந்த ஓட்டை போன்ற, நம் கை போகாத இடங்களை வீட்டுக்காரர் ஊரில் இருக்கும்போதே மூடச் சொல்ல வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, அதில் வீட்டுக்காரரின் துவைக்காத நைட்டியோ லுங்கியோ விரித்துவிட்டால் போதும். துவைத்து மடித்ததைக் கொடுப்பார்கள், அது வேண்டாம். மணம் இருக்க வேண்டும்.

தீனி காட்டி நெருங்குவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. வேலை செய்யவும் செய்யும், ஆனால் எந்தப் பக்கம் போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். கையில் வைத்து நீட்டினால் பயந்த பூனை பின்னங்காலைப் பின்னாலேயே ஊன்றிக்கொண்டு கழுத்தை மட்டும் ரப்பர் போல இழுத்து வந்து கவ்வும். கவ்விய மறுகணம் 'ஐயோ இவ்வளவு கிட்டே வந்துவிட்டேனே' என்று தெறித்து ஓடும். தீனி கிடைத்தது, பயமும் கூடிவிட்டது. இதைவிட, தீனியைப் பூனைக்கு அந்தப் பக்கம், நம்மை விட்டு விலகிப் போகும் திசையில் மெல்ல உருட்டிவிடுவது நல்லது. அது போய் எடுக்கும், திரும்பி நம்மைப் பார்க்கும், இன்னொன்று கிடைக்குமா என்று தானாகவே ஒரு அடி இந்தப் பக்கம் வைக்கும். மறுபடி அந்தப் பக்கம் உருட்டுகிறோம். கிட்டே வருவது அதன் முடிவாகவும், விலகிப் போவதற்குக் கூலி கிடைப்பதாகவும் ஆகிவிடுகிறது.

எந்தத் தீனி என்றால், கடையில் விற்கும் டியூப் கிரீம் ட்ரீட் பல பூனைகளிடம் எடுபடும். ஒரு நீளமான மரக்கரண்டியின் நுனியில் தடவி நீட்டினால் கைக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு முழம் தூரம் இருக்கும். ஆனால் தெருவிலிருந்து வந்த நாட்டுப் பூனைகளில் சில அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவற்றுக்குக் காசிமேட்டிலோ பக்கத்துச் சந்தையிலோ வாங்கிய காரப்பொடி மீனை உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் வேகவைத்து முள் எடுத்துக் கொடுத்தால் வீடே மணக்கும், பூனையும் வரும். கருவாடு கேட்கவே வேண்டாம், வரத்தான் வரும். உப்பு அதிகம் என்பதால் நான் தவிர்ப்பேன். வெங்காயம், பூண்டு சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது, அவை பூனைக்கு விஷம்.

ஒரு எச்சரிக்கை: தீனியை ஆயுதமாக்க வேண்டாம். வேளைச் சாப்பாட்டை நிறுத்திவைத்து, என் கிட்டே வந்தால்தான் உண்டு என்ற பேரம் பூனையிடம் செல்லாது. மேலே சொன்ன கல்லீரல் ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும். நம் வருகையே அதற்குப் பட்டினியோடு சேர்ந்துவிடும். வழக்கமான சாப்பாடு வழக்கமான இடத்தில், வழக்கமான நேரத்தில். உருட்டிவிடும் தீனி அதற்கு மேல்.

விளையாட்டுக் குச்சி பாதி பயந்த இளம் பூனைகளுக்கு மட்டும். ஒரு வயது, இரண்டு வயதுப் பூனைகள் இறகு நகர்வதைப் பார்த்தால் பயத்தை மறந்து பாய்ந்துவிடும், குச்சியின் நீளம் நம்மையும் தூரத்தில் வைக்கும். வயதான பூனையிடமோ, நிஜமாகவே உள்ளே ஒடுங்கிக் கிடப்பதிடமோ குச்சியை ஆட்டினால் அதற்கு இன்னொரு எதிரி. தொடங்க வேண்டுமானால் நாலாம் நாளுக்கு மேல் தொடங்கலாம்.

தொடுவதைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அது தானாக வந்து நம் முழங்காலில் கன்னத்தை உரசினால், விரலைச் சுருட்டி மூக்குக்கு முன் கீழாக நீட்டலாம். மறுபடி உரசினால் கன்னத்திலும் காதுக்கும் கண்ணுக்கும் நடுவிலும் இரண்டு நொடி, பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 2015-இல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு, பூனைகளுக்கு வாலின் அடிப்பகுதியில் தடவுவது பிடிக்கவில்லை என்று கண்டது. நம் ஆட்கள் முதலில் தட்டுவதே அந்த இடத்தில்தான்.

அடுத்து வருவது எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்ற தேர்வு. வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் 'காலை அரை மணி, மாலை அரை மணி' என்று கேட்பார்கள். தைரியமான பூனைக்கு அது சரி. பயந்த பூனைக்கு நாம் உள்ளே நுழையும் கணம்தான் உச்சபட்ச பயம். அதிலிருந்து இறங்கவே அரை மணி ஆகிவிடும், இறங்கும் நேரத்தில் நாம் கிளம்பிவிடுவோம். நாள் முழுக்கப் பயத்தை இரண்டு தடவை ஏற்றிவிட்டு வந்ததுதான் மிச்சம். ஆகவே ஒரு வேளை மட்டும், ஆனால் ஒன்றரை மணி நேரம் என்று பேசி முடிப்பதையே நான் விரும்புவேன், தினமும் அதே நேரத்தில். இரண்டாவது வேளைச் சாப்பாட்டுக்கு நேரம் வைத்துத் திறக்கும் டப்பா இருந்தால் போதும். அது திறக்கும் சத்தத்துக்கு முன்பே பழகியிருக்க வேண்டும். சுற்று வைத்து இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று ஆளை மாற்றும் ஏற்பாடு பயந்த பூனைக்கு மிக மோசமானது. தினமும் முதல் நாள்.

ராத்திரி தங்குவது செலவு அதிகம், ஆனால் பத்து நாளுக்கு மேற்பட்ட வேலையில் அது மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். படுத்திருக்கும் மனிதர் நிற்கும் மனிதரைவிடப் பாதி உயரம்கூட இல்லை, அசைவும் இல்லை, முகம் தெரிவதில்லை. விளக்கை அணைத்து ஒரு மணி நேரத்தில் பூனை வந்து காலடியில் மோந்து பார்த்துவிட்டுப் போகும். நாம் தூங்குவது போல நடித்தால் போதும், நிஜமாகத் தூங்கிவிட்டால் இன்னும் நல்லது. ஒரே ஒரு படுக்கையறை உள்ள சின்ன வீட்டில் மட்டும் யோசிக்க வேண்டும். பூனை ஒளிவதும் அந்த அறை, நாம் படுப்பதும் அந்த அறை என்றால் ஹாலில் பாய் விரித்துக்கொள்ளலாம்.

போர்டிங்கில், அதாவது காசு வாங்கிக்கொண்டு பூனைகளைத் தங்கவைக்கும் இடத்தில், விடுவதையும் நம் வீட்டுக்கே கொண்டுவருவதையும் கடைசியில் வைக்கிறேன். 1997-இல் கெஸ்லரும் டர்னரும் சுவிட்சர்லாந்து போர்டிங் பூனைகளை, முழு நிம்மதி ஒன்று, கடும் பீதி ஏழு என்ற ஏழு படி அளவுகோலால் அளந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பூனைகள் இரண்டு வாரத்தில் நன்றாகவே பழகிவிட்டன. மீதி ஒரு பங்குக்குச் சிரமம்தான். நம்மிடம் வரும் பயந்தாங்கொள்ளி அந்த மூன்றாவது பங்கில் விழும் என்று வைத்துக்கொள்வதே விவேகம். போக்குவரத்தில் கேரியரிலிருந்து நழுவி ஓடினால் தேடிப் பிடிப்பதும் பெரும்பாடு. வீட்டில் பெயின்ட் வேலை நடக்கிறது, பால்கனியில் புறா வலை அடிக்கவில்லை என்பது போன்ற காரணம் இருந்தால் வேறு வழியில்லை. மற்றபடி பயந்த பூனை தன் வீட்டிலேயே இருக்கட்டும். வலை இருக்கிறது என்று சொன்னாலும் முதல் நாளே ஓரங்களைக் கையால் இழுத்துப் பார்த்துவிடுங்கள். கட்டு விட்டுப்போன மூலை ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும்.

வீட்டுக்காரர் கிளம்பும் முன் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லதா? நல்லது, ஒரு நிபந்தனையோடு. அன்பு மிகுதியில் அவர்கள் பூனையை இழுத்து வந்து, "ஆன்ட்டி வந்திருக்காங்க பாரு, ஆன்ட்டிகிட்ட போ" என்று கையில் திணிப்பார்கள். அதற்கு நாம் போகாமலே இருக்கலாம். ஹாலில் உட்கார்ந்து வீட்டுக்காரரோடு காபி குடித்துப் பேசிவிட்டு, பூனையைப் பற்றி விசாரித்துவிட்டு, அதைத் தேடாமல் கிளம்ப வேண்டும். நாம் போட்டிருந்த ஒரு பழைய துண்டை விட்டுவிட்டு வரலாம். ஒரே நாளில் நாலு வீட்டுப் பூனைகளைப் பார்க்கிறவர்களாக இருந்தால், பயந்த பூனையின் வீட்டை முதலில் வைத்துக்கொள்வது நலம், மற்றப் பூனைகளின் மணம் நம் மேல் ஏறுவதற்கு முன்.

ஊரிலிருந்து வீடியோ கால் போட்டுப் பூனையோடு பேசுவது இப்போதைய வழக்கம். பூனை வீட்டுக்காரர் குரலை அடையாளம் காணும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2021-இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, வீட்டுக்காரரின் குரலைக் கொண்டு அவர் எங்கே இருக்கிறார் என்று பூனைகள் மனதில் குறித்து வைத்துக்கொள்கின்றன, ஓரிடத்தில் கேட்ட குரல் அடுத்த நொடி வேறிடத்திலிருந்து வந்தால் திகைக்கின்றன. ஆளில்லாமல் குரல் மட்டும் அந்நியர் கையிலிருந்து வந்தால் பயந்த பூனைக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேமராவில் இருக்கும் ஸ்பீக்கர் வழியாக "தங்கம், சாப்ட்டியா" என்று கூப்பிடுவதும் இதே சேர்த்தி. முதல் மூன்று நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், அப்புறம் அவர்கள் பாடு.

தினமும் மாத்திரை தர வேண்டிய பயந்த பூனை வந்தால் இந்தத் தேர்வுகள் எதுவும் செல்லாது. நம்பிக்கையை வளர்ப்பதும், தினமும் போர்வையால் சுருட்டிப் பிடித்து வாயைத் திறப்பதும் ஒரே ஆளால் ஒரே வாரத்தில் முடிகிற காரியமில்லை. மருந்தை உணவில் கலக்கும் வடிவத்தில் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் கிளினிக்கிலிருந்து ஆள் வரட்டும். அதுவும் முடியாது என்றால் நான் அந்த வேலையை ஏற்றுக்கொள்வதில்லை.

காசு பேசும்போதே தீர்க்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது, அது போட்டோ. தினமும் பூனையின் படம் வேண்டும் என்று கேட்பார்கள், நியாயமான ஆசைதான். ஆனால் ஒளிந்திருக்கும் பூனையைப் படம் எடுக்க வேண்டுமானால் தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி, போனின் ஒளியை அதன் கண்ணில் காட்ட வேண்டும். இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து சேர்த்ததை அந்த ஒரு படம் கரைத்துவிடும். காலியான தட்டு, மணல் தட்டில் இருந்த கட்டிகள், கேமராவில் அது நடந்து போன பதிவு: முதல் நாலு நாளைக்கு இவைதான் அனுப்புவேன், முகம் வேண்டும் என்றால் அது தானாகக் காட்டும்போது. இதற்கு ஒப்புக்கொண்டால்தான் சாவியை வாங்கிக்கொள்வேன்.